பத்து ரூபாய் ஸ்ட்ரிப்பும் உப்பளத்துச் சிறுநீரகமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவம் படிக்கவில்லை, லேப் டெக்னீஷியன் கோர்ஸும் படிக்கவில்லை. பி.காம். படிக்கும் ஆள். பற்று, வரவு, தேய்மானம், தணிக்கை... இவ்வளவுதான் நமக்குத் தெரிந்த உலகம். "இவன் எதுக்கு மூத்திரத்தைப் பத்தி எழுதுறான்?" என்று வகுப்பு நண்பர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் :-)

முடிந்ததா? சரி. ஒரு பரிசோதனை நல்லதா, உபயோகமா, காசுக்குப் பெறுமா என்ற கேள்வியில் பாதி மருத்துவம், மீதி பாதி சுத்தமான கணக்கு. மருத்துவப் பாதியை டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளலாம். கணக்குப் பாதியை நாம் போடலாம். அதைத்தான் இங்கே செய்யப் போகிறேன்.

என் கட்சி என்ன என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர் ஸ்ட்ரிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். ஆனால் ஸ்ட்ரிப்பை மட்டும் நீட்டிவிட்டு "உங்க கிட்னி நல்லா இருக்கு, போய் வேலையைப் பாருங்க" என்று அனுப்பினால் அது அரைகுறை வேலை. சில சமயம் ஒன்றும் செய்யாததைவிட மோசமான வேலை. ஏன் என்று பார்ப்போம்.

உப்பளம் என்றால் என்ன?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்கள் மரக்காணத்தைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், நடுநடுவே வெள்ளை வெளேரென்று குவியல்கள். பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். போட்டோ எடுக்காத ஆள் கிடையாது.

உள்ளே இறங்கி நின்றால் கதை வேறு. ஒரு மரம் இருக்காது. மேலே வெயில். கீழே உப்புத் தண்ணீரும் உப்பும் அந்த வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கடல் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? மழைக்காலம் முடிந்து பாத்தி கட்டி, உப்பு எடுக்கிற வேலை உச்சத்துக்கு வருவதே கோடையில்தான். அதாவது நாம் எல்லாரும் ஃபேனுக்கு அடியில் நகராமல் உட்கார்ந்திருக்கிற அந்த மாதங்களில்தான் அங்கே வாருபலகை இழுப்பதும், தலையில் உப்பு சுமப்பதும் அதிகம். வெயில் நன்றாக அடித்தால்தான் உப்பு நன்றாக விளையும். முதலாளிக்கு லாபம் தருவதும் தொழிலாளிக்கு நோய் தருவதும் ஒரே சூரியன்தான்.

இன்னொரு விஷயம், பேசக் கூச்சப்பட்டு எல்லாரும் விட்டுவிடுவது. கழிப்பறை. திறந்த வெளி, மறைவுக்கு ஒரு செடி கூட இல்லாத இடம். தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடம் இல்லை, அதனால் குடிப்பதில்லை. பெண்கள் போடுகிற கணக்கு இதுதான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில்.

இப்படி இருந்தால் சிறுநீரகம் என்ன ஆகும்?

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இது ஊகம் இல்லை. சென்னை போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், 2017 முதல் 2020 வரை, தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பெரும்பாலானவர்கள் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாததும் தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் அந்த ஆய்விலேயே பேசப்பட்டிருக்கிறது.

இன்னொன்று நம் ஊருக்கு இன்னும் பக்கம். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை டாக்டர்கள் 2020-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், தங்களிடம் வருகிற நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்று சொன்னார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி'. பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தில் படித்த அதே தொண்டைமண்டலம்தான். புதுச்சேரியும் அதைச் சுற்றியுள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களும். மரக்காணம் புதுச்சேரியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் போல. எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடக்கிற கதை இல்லை மக்களே இது.

இந்தக் 'காரணம் தெரியாத' சிறுநீரக நோய் வேறு இடங்களிலும் உண்டு. இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து விவசாயிகள். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் கடலோரம். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடோர், நிகரகுவா கரும்புத் தோட்டத் தொழிலாளர்கள். எல்லா இடத்திலும் ஒரே காரணமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை ஓடுகிறது. வெயில், நீர் வற்றல், குடிநீர், பூச்சிமருந்து, வலி மாத்திரை என்று ஆளுக்கொரு பட்டியல். ஆனால் பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்பதில் சண்டையே இல்லை. வெயிலில் உடம்பை வருத்தி வேலை செய்கிற ஏழைகள்.

ஸ்ட்ரிப் எப்படி வேலை செய்கிறது?

சின்ன பிளாஸ்டிக் பட்டை. அதில் கட்டம் கட்டமாக மருந்து தடவிய பேப்பர். சிறுநீரில் முக்கி எடுத்து, பாட்டில் மேல் இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். 1950களில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃப்ரீ, ஹெலன் ஃப்ரீ என்ற தம்பதி வேலை பார்த்த கம்பெனியில் இருந்து வந்த கண்டுபிடிப்பு. அதற்கு முன்னால் டெஸ்ட் ட்யூபில் ஊற்றி, விளக்கில் காய்ச்சி, ஆசிட் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புரதத்துக்கான கட்டத்தில் ஒரு சாயம் இருக்கும். அமிலத்தன்மை மாறினால் நிறம் மாறுகிற சாயம். அந்தக் கட்டத்தின் அமிலத்தன்மையை ஒரே அளவில் பிடித்து வைத்திருப்பார்கள். அப்படியிருந்தும் புரதம், அதிலும் முக்கியமாக ஆல்புமின், வந்து ஒட்டிக்கொண்டால் சாயம் ஏமாந்து மஞ்சளில் இருந்து பச்சைக்குப் போகும். ஒரு பிளஸ் என்றால் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராம் போல, இரண்டு பிளஸ் 100, மூன்று பிளஸ் 300. அளவுகோல் இல்லை, தோராயம்தான்.

ஆல்புமின் ஏன் முக்கியம்? சிறுநீரகத்தில் இருக்கும் வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் ஆல்புமினை வெளியே விடாது. சல்லடையில் ஓட்டை விழுந்தால்தான் ஒழுகும். சர்க்கரை நோயில், ரத்தக் கொதிப்பில், பல வீக்க நோய்களில் இந்த ஒழுகல் முதலில் வரும். ஆளுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத காலத்திலேயே வரும். அதனால்தான் பத்து ரூபாய் அக்கம்பக்கம் விலையுள்ள ஒரு பட்டைக்கு இவ்வளவு மரியாதை.

மரியாதை சும்மா வரவில்லை. ஜப்பானின் ஒகினாவா தீவில் 1983-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு இந்த ஸ்ட்ரிப் சோதனை செய்து, பிறகு பதினேழு வருஷம் கவனித்தார்கள். அன்றைக்கு எத்தனை பிளஸ் இருந்ததோ அதற்கேற்ப, பின்னாளில் டயாலிசிஸுக்குப் போனவர்களின் விகிதமும் ஏறிக்கொண்டே போனது. ஒரு சின்னப் பட்டை பதினேழு வருஷத்துக்கு முன்னாலேயே மணி அடிக்கிறது!

அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை ஸ்ட்ரிப்பில் இல்லை. எந்தக் கேள்விக்கு அதனிடம் பதில் கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஒன்று. ஸ்ட்ரிப் பிடிப்பது சல்லடை ஓட்டையை. வெயிலால் வருவதாகச் சந்தேகிக்கப்படும் இந்த நோய் முதலில் தாக்குவது சல்லடையை இல்லை, அதற்கு அடுத்து இருக்கும் நுண்குழாய்களை. அதில் ஆல்புமின் பெரிதாக ஒழுகாது. ஒழுகினாலும் சின்னச் சின்ன வேறு புரதங்கள், அவை ஸ்ட்ரிப்பின் கண்ணுக்குத் தெரியாது. அதாவது உப்பளத் தொழிலாளிக்கு எந்த ஆபத்து அதிகமோ அந்த ஆபத்தைத்தான் இந்தப் பட்டை கோட்டை விடும். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதைச் சுற்றித்தான்.

இரண்டு. எப்போது எடுத்த சிறுநீர்? காலையில் எழுந்ததும் முதலில் போவதுதான் நல்ல மாதிரி. நாள் முழுக்க வெயிலில் உழைத்தவருக்கு, ஆரோக்கியமாக இருந்தாலும், சாயங்காலம் கொஞ்சம் புரதம் தெரியலாம். சிறுநீர் கெட்டியாக இருந்தால் பிளஸ் கூடும். முகாமுக்கு வருகிற வழியில் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வந்தால் நீர்த்துப்போய் நிஜ நோயே மறைந்துவிடும். நம் ஊர் முகாம் எப்போது நடக்கும்? ஷாமியானா போட்டு, மைக் கட்டி, விருந்தினர் வந்து, பதினொன்றரைக்கு! ரிப்பன் வெட்டுகிற நேரத்துக்காக யாராவது காலைச் சிறுநீரை அடக்கி வைத்திருக்க முடியுமா?

மூன்று. பெண்களுக்கு மாதவிடாய் நாட்களிலும் வெள்ளைப்படுதல் இருந்தாலும் ரிசல்ட் தப்பாகக் காட்டலாம். அடக்கி அடக்கிச் சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் அதுவும் குழப்பும். இதைக் கேட்டு எழுதிக்கொள்ள முகாமில் ஒரு பெண் ஊழியர் வேண்டும். கூட்டத்தில் சத்தம் போட்டுக் கேட்கிற கேள்வி இல்லை இது.

நான்கு. ஸ்ட்ரிப் பாட்டிலுக்கு ஈரமும் சூடும் ஆகாது. மூடியை இறுக்கி, 30 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்வார்கள். மே மாதத்து மரக்காணத்தில், கடல் காற்றில், மூடி திறந்த பாட்டில் மேஜைமேல் அரை நாள் உட்கார்ந்திருந்தால் அது சொல்வதை எவ்வளவு நம்பலாம்? வைட்டமின் சி மாத்திரை போட்டவருக்கு ரத்தம், சர்க்கரைக் கட்டங்கள் 'இல்லை' என்று பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

ஒரு சின்னக் கணக்கு

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். ஆயிரம் உப்பளத் தொழிலாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 7 சதவீதத்தை எடுத்தால் 70 பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைவு. இதற்கு மேல் வருகிற எண்கள் எல்லாம் கணக்குப் புரிவதற்காக நானே வைத்துக்கொண்டவை, எந்த ஆய்விலும் தேடாதீர்கள்.

அந்த 70 பேரில் 30 பேருக்குச் சர்க்கரை அல்லது கொதிப்பால் வந்த, ஆல்புமின் ஒழுகும் வகை. 40 பேருக்கு ஒழுகாத வகை. முதல் வகையில் பத்துக்கு எட்டு பேரை ஸ்ட்ரிப் பிடிக்கிறது என்று தாராளமாக வைப்போம், 24 பேர். இரண்டாம் வகையில் பத்துக்கு இரண்டு, 8 பேர். ஆக 32.

நோய் இல்லாத 930 பேரில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வெயில், கெட்டிச் சிறுநீர், தொற்று என்று ஏதோ ஒரு காரணத்தால் பிளஸ் வருகிறது. சுமார் 47 பேர்.

மொத்தம் பிளஸ் வந்தவர்கள் 79. அதில் நிஜமாக நோய் உள்ளவர் 32 பேர்தான். பாதிக்கும் மேல் வீண் பயம். பரவாயில்லை, மறுபரிசோதனையில் சரியாகிவிடும் என்று விடலாம்.

ஆனால் மறுபக்கம் பாருங்கள். 'நார்மல்' என்று சீட்டு வாங்கிப் போன 921 பேரில் 38 பேருக்கு நோய் இருக்கிறது. பிடிபட்ட 32-ஐவிட, சர்டிஃபிகேட்டோடு தப்பிய 38 அதிகம்! தணிக்கையில் ஒரு பாடம் சொல்லித் தருவார்கள். தப்பே நடந்திருக்கக்கூடிய அலமாரியைத் திறக்காமல், பக்கத்து அலமாரியை நன்றாகச் சரிபார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போடக்கூடாது. வெறும் ஸ்ட்ரிப் முகாம் என்பது அந்தக் கையெழுத்துதான்.

அந்த 38 பேரும் சும்மா இருக்க மாட்டார்கள். "போன வருஷம் பார்த்தாங்க, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லி, உடம்பு வலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு எவ்வளவு கெடுதல் என்று எந்த டாக்டரைக் கேட்டாலும் சொல்வார்.

அப்போ ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. இங்கேதான் சிலர் மறு கோடிக்குப் போய்விடுகிறார்கள். "நூறு சதவீதம் சரியில்லை, அதனால் வேண்டாம்." நூறு சதவீதம் சரியான சோதனைக்குக் காத்திருந்தால் 24 பேரையும் சேர்த்து இழப்போம்.

மலிவான சோதனையால் என்ன சாதிக்கலாம் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சென்னையின் மூத்த சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, 1990களின் கடைசியில் சென்னைக்கு அருகே சுமார் 25,000 பேர் வசிக்கும் கிராமங்களில் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலமாக ஒரு வேலை செய்தார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். ஸ்ட்ரிப் கூட இல்லை. சல்ஃபோசாலிசிலிக் ஆசிட் சில சொட்டு விட்டுப் புரதம், பெனடிக்ட் கரைசலில் காய்ச்சிச் சர்க்கரை, அப்புறம் ரத்த அழுத்தம். ஏதாவது இருந்தால் டாக்டர் பார்ப்பார். விலை குறைந்த பழைய மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. ஆளொன்றுக்கு ஆண்டுக்கு அரை டாலருக்கும் கீழேதான் செலவு ஆனது. சர்க்கரையும் கொதிப்பும் நிறையப் பேருக்குக் கட்டுக்குள் வந்தன.

இந்தத் திட்டம் ஏன் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள். ஆசிட்டின் மகிமையால் இல்லை. அந்தப் பெண் திரும்ப வந்தார். மாத்திரை வந்தது. அடுத்த வருஷமும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சனும் யுங்னரும் 1968-இலேயே எழுதி வைத்த விதியும் இதுதான். கண்டுபிடித்தபின் உறுதி செய்யவும் சிகிச்சை கொடுக்கவும் வசதி இருந்தால்தான் ஊரைக் கூட்டிச் சோதிக்க வேண்டும்.

அந்த வசதி இப்போது நம்மிடம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மூலம் சர்க்கரை, கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2023 ஜூலையில், ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஸ்ட்ரிப் வைத்துச் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டறியும் திட்டத்தைத் தமிழக அரசு சேலத்தில் தொடங்கியது. நல்ல விஷயம், பாராட்ட வேண்டியதுதான். அதோடு, சிறுநீரகச் சேதத்தை மெதுவாக்கும் டாபாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளின் காப்புரிமை இந்தியாவில் முடிந்து விலை நன்றாக இறங்கிவிட்டது. சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஏதாவது இருக்கிறது என்பது பழைய காலத்தைவிட இன்று அதிக உண்மை.

ஆகவே நான் கேட்பது புதிய அணைக்கட்டு இல்லை. இருக்கிற திட்டத்தை உப்பளத்துக்கு ஏற்றபடி வெட்டித் தைக்க வேண்டும் என்பதுதான்.

எப்படி?

1. வருஷத்துக்கு இரண்டு தடவை. சீசன் தொடங்குமுன் ஒன்று, கோடை உச்சத்தில் ஒன்று. முதல் நாளே குப்பியைக் கொடுத்துவிட்டு, வீட்டில் காலை முதல் சிறுநீரைப் பிடித்து வரச் சொல்ல வேண்டும்.

2. ஸ்ட்ரிப்போடு ரத்தத்தில் கிரியேட்டினின் ஒரு தடவையாவது. அதுதான் நுண்குழாய் நோயையும் ஓரளவு காட்டும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிரியேட்டினின் தசையில் இருந்து வருவது. ஒல்லியான உடம்புக்காரருக்கு, நோய் இருந்தும், எண் நார்மல் மாதிரித் தெரியும். அதனால் ஒரு எண்ணைப் பார்க்காமல், அதே ஆளின் எண் வருஷா வருஷம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

3. பிளஸ் வந்தால் ஒரு வாரம் வேலைப் பளு குறைந்த நேரத்தில் மறுபடி. அப்புறமும் இருந்தால் மூன்று மாதம் கழித்தும். மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட நோய் என்று பெயர். முதல் பிளஸ்ஸிலேயே ஆளைப் பயமுறுத்தக்கூடாது.

4. ரிசல்ட் தொழிலாளியின் கையில். காண்டிராக்டர் கையில் இல்லை. 'கிட்னி கோளாறு' என்று தெரிந்தால் அடுத்த சீசனுக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அந்தப் பயம் இருக்கும்வரை, யாரும் உண்மையான குப்பியைக் கொண்டுவர மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் குப்பி வரும்!

5. ஸ்ட்ரிப்பில் அடர்த்தியைக் காட்டும் கட்டம் ஒன்று உண்டு. துல்லியம் குறைவுதான். ஆனாலும் நூறு பேரில் எண்பது பேருக்குக் கெட்டிச் சிறுநீர் என்று வந்தால், அது நூறு பேரின் நோய் இல்லை, அந்த உப்பளத்தின் நோய். அங்கே தண்ணீரும் நிழலும் கழிப்பறையும் இல்லை என்பதற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி. என்னைக் கேட்டால் உப்பளத்தில் ஸ்ட்ரிப்பின் மிகப் பெரிய உபயோகம் இதுதான். ஆளைச் சோதிப்பதைவிட இடத்தைச் சோதிக்க.

நிகரகுவாவில் கரும்புத் தோட்டத்தில் 'தண்ணீர், ஓய்வு, நிழல்' என்று மூன்றே வார்த்தையில் திட்டம் போட்டுச் செய்து பார்க்கிறார்கள். நமக்கு நான்காவதாகக் கழிப்பறையும் வேண்டும். சிறுநீர் கழிக்க இடம் தராமல் சிறுநீர்ப் பரிசோதனை செய்வது என்ன நியாயம்?

காசு?

ஆயிரம் பேருக்கு ஸ்ட்ரிப் பத்து ரூபாய் வீதம் பத்தாயிரம். கிரியேட்டினின் தனியார் லேப் விலையில் 150 என்று வைத்தாலும் ஒன்றரை லட்சம். மொத்தம் 1,60,000 ரூபாய். அரசு லேபில் இன்னும் குறையும்.

டயாலிசிஸ் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் போல. வருஷத்துக்கு 156 தடவை. ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 1,56,000 ரூபாய். காப்பீட்டுத் திட்டத்தில் அரசே கட்டினாலும் அது யாரோ கட்டுகிற காசுதான். அதாவது ஒரே ஒரு ஆள் ஒரு வருஷம் டயாலிசிஸில் இருக்கிற செலவும், ஆயிரம் பேரைச் சோதிக்கிற செலவும் கிட்டத்தட்ட சமம். இதில் வாரத்துக்கு மூன்று நாள் கூலி போவது, கூட வருகிறவரின் கூலி போவது, புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் பஸ் செலவு, படிப்பை நிறுத்துகிற பிள்ளை... எதையும் நான் சேர்க்கவில்லை.

"யார் கட்டுவது?" என்பீர்கள். இந்த நாட்டில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2006-லிருந்து அயோடின் சேர்க்காத உப்பை நேரடியாகச் சாப்பிட விற்கக்கூடாது என்று சட்டம். சாப்பிடுகிறவரின் தைராய்டுக்காக, உப்பு விலையில் சில பைசா கூட்டி எல்லாரும் சேர்ந்து கட்டுகிறோம். யாரும் முணுமுணுக்கவில்லை. அதே பாக்கெட்டில், உப்பு எடுக்கிறவரின் சிறுநீரகத்துக்காக இன்னும் சில பைசா கூட்டினால் யார் வீட்டுச் சாம்பார் கெட்டுவிடும்?

மழைக்காலத்தில் வேலை இல்லாத உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அந்தப் பட்டியலில் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. யாரைச் சோதிக்க வேண்டும் என்று புதிதாக ஊர் ஊராகத் தேட வேண்டியதே இல்லை. நிவாரணம் வாங்க வருகிற அந்த மாதங்களும், சீசனுக்கு முந்தைய பரிசோதனைக்கு ஏற்ற மாதங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. பணம் கொடுக்கிற மேஜைக்குப் பக்கத்தில் இன்னொரு மேஜை, அதில் ஒரு நர்ஸ், நன்றாக மூடிய ஒரு பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம். ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

வீட்டில் யாராவது உப்பளத்துக்குப் போகிறவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். ஸ்ட்ரிப்பில் ஒன்றும் இல்லை என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாமல் அரசு மருத்துவமனையில் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சீட்டைத் தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த வருஷச் சீட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதற்கு அர்த்தமே வரும். பற்று வரவு நோட்டும் அப்படித்தானே, ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.